சதாவதானியும் என் அன்னையும்

மூளையின் ஆற்றலைப் பாடநூலில் மட்டுமே படித்திருந்த எனக்கு, அதனை அவையிலே நிகழ்த்திக் காட்டிய தமிழர் ஒருவரின் வாழ்வு பெருவியப்பளித்தது. அவரே சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர்.

நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874-ஆம் ஆண்டு பாவலர் பிறந்தார். பேச்சின் பொருளை உணரும் பகுதி மூளையின் இடப்புறத்தில் உள்ளதென்று செர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே நூல் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். சொற்களைப் பேசச் செய்யும் பகுதியைப் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா 1861-லேயே காட்டியிருந்தார்.

அந்நாளில் இடலாக்குடி திருவிதாங்கூர் ஆட்சிக்குட்பட்டது. ஆகவே பள்ளியில் பாவலர் பயின்றது மலையாளம். தமிழிலக்கணத்தைச் சங்கரநாராயண அண்ணாவியிடம் தனியே கற்றார். பின்னர்ச் சென்னையில் அச்சகப் பணியேற்று நூல்களைப் பிழை நீக்கிப் பதிப்பித்தார். சீறாப்புராணத்துக்கு உரை கண்டார். கதராடை உடுத்தி நாட்டு விடுதலைக்கும் உழைத்தார்.

1907-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் அவர் சதாவதானம் நிகழ்த்தினார். அவதானம் என்பது கவனம். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார்; ஒருவர் கணக்குக் கேட்பார்; ஒருவர் மணியடிப்பார்; ஒருவர் முதுகிலே நெல்லை எறிவார். அனைத்தையும் நினைவில் நிறுத்தி விடை கூறவேண்டும். மனம் ஒரே நேரத்தில் சிலவற்றையே ஏந்தவல்லது என்கிறது அறிவியல். ஒன்றை வைத்துவிட்டு மற்றொன்றுக்குச் சென்று, விட்ட இடத்துக்கே பிழையின்றித் திரும்புவதுதான் அவதானியின் திறம். அது பயிற்சியின் விளைவே எனலாம்.

வாசிப்பும் அத்தகையதே. குழந்தை பேச்சைக் கேட்டே பழகிவிடும். எழுத்தையோ ஒருவர் கற்பிக்கவேண்டும். எழுத்து தோன்றி ஏறத்தாழ 5,000 ஆண்டுகளே ஆனதால், வாசிப்புக்கென மூளையில் பிறவியிடம் இல்லை. உருவங்களை இனங்காணும் பகுதியில் ஒரு சிற்றிடம் பயிற்சியினால் எழுத்தறிந்து, பேச்சுப் பகுதிகளோடு இணைகிறது. இது குழந்தைகட்கு மட்டும் உரியதன்று. லக்னோவை அடுத்த சிற்றூர்களில் எழுத்தறியாப் பெரியோர் ஆறு திங்கள் பயின்றபின் அவர்தம் மூளையின் இணைப்புகளில் மாற்றம் காணப்பட்டதை 2017-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

இவற்றை நான் கூறுவதற்குக் காரணம் உண்டு. சோழவரத்திலிருந்து செங்குன்றம் சென்று அரிசி ஆலையில் கூலி வேலை செய்யும் என் அன்னை எழுத்தறியாதவர். உடன் உழைக்கும் இருபது பேரின் சீட்டுக் கணக்கை ஏடின்றி நினைவில் வைத்திருப்பார். ஆயினும் பேருந்துப் பலகையைப் படிக்கப் பிறரையே கேட்பார். கல்லூரியில் சேர்ந்த புதிதில், அவ்வாறு கேட்கும் அவரருகே நிற்க நாணினேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி கண்ட முதல் ஆள் என்ற செருக்கு அது. அவதானியின் வரலாற்றைப் படித்த அன்று அச்செருக்கு அகன்றது. அன்னைக்குக் குறைந்தது அறிவன்று. கற்பிக்க ஓர் ஆள்.

இப்போது இரவுதோறும் எழுத்துக் கற்பிக்கிறேன். “செ” எழுதுகையில், கொம்பு முன்னே நிற்க அதன் ஒலி பின்னே வருவதேன் என்று கேட்டார். அறிவியல் மாணவனாகிய நான் விடையின்றி விழித்தேன். சென்ற திங்கள் பேருந்துப் பலகையில் “செங்குன்றம்” என எழுத்துக்கூட்டி அவரே படித்தார்.

பாவலர் 1950-இல் மறைந்தார். 2008-இல் இந்திய அஞ்சல்துறை அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. நூறு கவனம் நமக்கு வாய்க்காது போகலாம். வீட்டிலுள்ள ஒருவர்மேல் ஒரு கவனம் வைப்பது நம்மால் இயலாததன்று.