டிவிஎஸ் 50-ஐப் பார்க்காமலே மறைந்த 'டிவிஎஸ்'... யார் இந்த திருக்குறுங்குடி சுந்தரம் ஐயங்கார்?

அம்பாசமுத்திரம் பக்கம் வாழைத்தார், ஸ்ரீவைகுண்டம் பக்கம் நெல் மூட்டை. தாமிரபரணிக் கரை ஊர்களில் எதை ஏத்தினாலும் இழுத்துட்டுப் போற வண்டி டிவிஎஸ் 50. அந்த மூன்று எழுத்துக்குச் சொந்தக்காரர் நம்ம நெல்லைச் சீமைக்காரர்தான். ஆனா, அவர் இந்த வண்டியைப் பார்த்ததே இல்லை!

வேலையை விட்டார், பஸ் விட்டார்

'டி' என்றால் திருக்குறுங்குடி. மலையடிவாரத்தில் அழகிய நம்பி கோயில் இருக்கும் அந்த ஊரில் 1877-ல் பிறந்தார் டி.வி.சுந்தரம் ஐயங்கார். வக்கீல் தொழில், ரயில்வே, வங்கி என்று மாறி மாறிப் பார்த்தார். எதிலும் மனசு நிற்கவில்லை. 1911-ல் மதுரையில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். மாட்டு வண்டிதான் கதி என்றிருந்த காலத்தில், தஞ்சாவூர் - புதுக்கோட்டை தடத்தில் பஸ் ஓட்டினார்.

கடிகாரம் வேண்டாம், பஸ் போதும்

டிவிஎஸ் பஸ் வருவதைப் பார்த்து மக்கள் கடிகாரத்தைச் சரி செய்வார்கள் என்று மதுரைப் பக்கம் இன்றும் பெரியவர்கள் சொல்வதுண்டு. கூட்டம் சேரட்டும் என்று காத்திருக்காமல், நேரத்துக்கு வண்டியை எடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. அப்போது கரியை எரித்து, அதில் வரும் வாயுவால் எஞ்சினை ஓட்டும் கருவியைத் தயாரித்து பஸ்களை ஓட வைத்தது அவரது நிறுவனம்.

மகளுக்குத் திறந்த வழி

மகள் சௌந்தரம் சின்ன வயசிலேயே கணவரை இழந்தார். விதவைப் பெண்ணை வீட்டு மூலையில் உட்கார வைக்கும் காலம் அது. ஆனால் சௌந்தரம் டெல்லியில் டாக்டருக்குப் படித்தார். 1940-ல் காந்தியின் ஆசியோடு ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்தார். இருவரும் சேர்ந்து 1947-ல் தொடங்கியதுதான் திண்டுக்கல் அருகே உள்ள காந்திகிராமம்.

பஸ் போச்சு, பெயர் நின்னுச்சு

1955-ல் கொடைக்கானலில் சுந்தரம் ஐயங்கார் காலமானார். 1972-ல் மதுரை டிவிஎஸ் பஸ்களை அரசு எடுத்துக்கொள்ள, பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது. குடும்பத்தின் அடையாளமே கைமாறிப் போச்சு.

அதற்குள் வாரிசுகள் வாகன உதிரிபாகத் தயாரிப்பில் காலூன்றியிருந்தார்கள். 1980-ல் ஓசூரிலிருந்து இரண்டு பேர் போகக்கூடிய 50 சிசி மொபெட் வந்தது. அதுதான் டிவிஎஸ் 50.

இப்படித் தடம் மாறியவர்கள் வெளிநாட்டிலும் உண்டு. இத்தாலியின் டுகாட்டி, 1926-ல் ரேடியோ பாகங்கள் செய்யத் தொடங்கிய கம்பெனி. போருக்குப் பிறகு சைக்கிளில் மாட்டும் 48 சிசி குட்டி எஞ்சின் வழியாகத்தான் அது இருசக்கர வாகனத்துக்கு வந்தது.

டுகாட்டி பந்தயப் பக்கம் போனது. டிவிஎஸ் 50 வயக்காட்டுப் பக்கம் வந்தது. கார் வாங்க முடியாத குடும்பத்துக்கு முதல் வண்டியானது. சுந்தரம் ஐயங்கார் மறைந்து 25 வருஷம் கழித்து வந்த வண்டி என்றாலும், சொன்ன நேரத்துக்கு வந்து நின்ற அந்தப் பழைய பஸ்கள் சம்பாதித்த பெயரோடுதான் அது ரோட்டுக்கு வந்தது.