வலிமை பயிற்றிய சாண்டோ

யூஜின் சாண்டோ 1867ஆம் ஆண்டு பிரஷ்ய நாட்டுக் கோனிக்ஸ்பர்க் நகரில் பிறந்தார். 1889ஆம் ஆண்டு இலண்டன் அரங்கொன்றில், பேர்பெற்ற பலவானாகிய சாம்சனைப் பலரறிய வென்றார். அன்றுமுதல் அவர்தம் உடற்கட்டைக் காண மக்கள் திரண்டனர், பொருளும் குவிந்தது.

ஆயினும், காட்சிப்பொருளாய் நிற்பதோடு அவர் அமைந்தாரல்லர். வலிமை பிறவிப்பேறு அன்று. இடைவிடாப் பயிற்சியால் எவரும் எய்தத்தக்கது என்பது அவர்தம் கொள்கை. அதனை மெய்ப்பிக்க 1897ஆம் ஆண்டு இலண்டனில் உடற்பயிற்சி நிலையம் ஒன்றை நிறுவினார். சிறு இருப்புக்குண்டுகளைக் கொண்டு வீட்டிலிருந்தே பயிலும் முறையையும் நூல்வாயிலாகப் பரப்பினார்.

1901ஆம் ஆண்டு இலண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் அவர் நடத்திய உடற்கட்டுப் போட்டியில், தசையின் பருமன் ஒன்றே அளவுகோலாகக் கொள்ளப்படவில்லை. உறுப்புகளின் ஒத்த வளர்ச்சியும் உடல்நலமும் உடன் சீர்தூக்கப்பட்டன. 1905ஆம் ஆண்டு அவர் இந்தியாவிலும் தம் ஆற்றலைக் காட்டினார்.

1925ஆம் ஆண்டு சாண்டோ இலண்டனில் மறைந்தார். அவர்தம் கல்லறையில் நெடுங்காலம் பெயர் பொறித்த கல்லும் இல்லை. எனினும், உடல்வலி மிக்கோரைச் சாண்டோ எனச் சிறப்பித்தழைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றியது. திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவரும் அப்பெயரைத் தாங்கினார். தாம் பெற்றதைப் பிறர்க்குப் பயிற்றுவித்தவர் பெயர், கல் இன்றியும் நிலைபெறும்.