வரலாற்றை மக்கள் முன் நடக்கச் செய்த டுபாய்ஸ்

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில், கடல் கடந்த நாட்டுப் பேரறிஞர் ஒருவரின் வாழ்க்கையை எழுதப் புகுந்தோம். அதற்குக் காரணம் உண்டு. நம் பிள்ளைகள் பள்ளி சென்று பட்டம் பெறுதல் வேண்டும் என்பதே நம் முதல் நோக்கம். ஆனால் பட்டம் பெற்ற பிள்ளை தன் முன்னோரின் வரலாற்றை அறியாதிருந்தால், அக்கல்வி முழுமை பெற்றதாகுமா? இவ்வினாவுக்குத் தம் வாழ்க்கையாலேயே விடை தந்தவர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் தலைவர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் ஆவார்.

அவர் 1868 பிப்ரவரி 23 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கிரேட் பாரிங்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை குடும்பத்தை விட்டுப் பிரிந்தமையால் தாயே வறுமையிலும் மகனைப் படிக்க வைத்தார். மகன் பள்ளிப் படிப்பை முடித்த சில மாதங்களில் அத்தாயும் மறைந்தார். தேவாலயத்தார் திரட்டித் தந்த பொருளுதவியால் 1885இல் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கோடை விடுமுறைகளில் டென்னசி நாட்டுப்புறத்தில் ஏழைக் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பாடம் சொன்னார். பின்னர் ஹார்வர்டிலும் பெர்லினிலும் பயின்று, 1895இல் ஹார்வர்டின் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார்.

இத்துணை கற்றவருக்கும் ஒரு குறை இருந்தது. 1906இல், அவர் ஆசிரியராக இருந்த அட்லாண்டா பல்கலைக்கழகத்திற்கு மானிடவியல் அறிஞர் ஃபிரான்ஸ் போவாஸ் வந்து, ஆப்பிரிக்காவின் பழைய அரசுகளைப் பற்றி உரையாற்றினார். அதைக் கேட்ட டுபாய்ஸ் திகைத்துப் போனார். உயர்ந்த பல்கலைக்கழகங்கள் எவையும் தம் இனத்தின் பழம்பெருமையைத் தமக்குக் கற்பிக்கவில்லை என்பதை அன்று உணர்ந்தார். பேரறிஞருக்கே இந்நிலை என்றால், எழுத்தறிவு மறுக்கப்பட்ட எளிய மக்களின் நிலை என்ன?

1909இல் கறுப்பின மக்களின் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கம் தோன்றியபோது அதனை நிறுவியோருள் ஒருவராக விளங்கினார். மறு ஆண்டு முதல் அதன் 'கிரைசிஸ்' இதழுக்கு ஆசிரியரானார். எனினும் நூலும் இதழும் படிக்கத் தெரிந்தவரையே எட்டும். ஆகவே வேறொரு வழியையும் மேற்கொண்டார்.

அடிமைகள் விடுதலைப் பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி, 1913இல் நியூயார்க் நகரில் 'எத்தியோப்பியாவின் விண்மீன்' என்னும் வரலாற்றுக் காட்சியை எழுதி அரங்கேற்றினார். அதில் 350 பேர் பங்கேற்றனர். 1915 அக்டோபரில் வாஷிங்டன் நகரின் பந்தாட்டத் திடலில் ஏறத்தாழ ஆயிரம் பேர் வேடம் புனைந்தனர். மாணவரும் ஆசிரியரும் பொதுமக்களுமே அவருள் மிகப் பலர். அடுத்த ஆண்டு பிலடெல்பியாவிலும், 1925இல் லாஸ் ஏஞ்சல்சிலும் அக்காட்சி நடைபெற்றது.

அதன் அமைப்பை நம் இளைஞர் ஊன்றி நோக்குதல் வேண்டும். இரும்பை உருக்கிய ஆப்பிரிக்கரிடம் கதை தொடங்குகிறது. எகிப்தின் நாகரிகமும் பழைய அரசுகளின் சிறப்பும் அடுத்து வருகின்றன. அதன் பின்னரே அடிமை வாணிகத்தின் விலங்குகள் தோன்றுகின்றன. அங்கும் கதை நின்றுவிடவில்லை. ஹெய்ட்டி நாட்டு விடுதலை வீரர் டூசான், அடிமைக் கிளர்ச்சியின் தலைவர் நாட் டர்னர், பிரெடரிக் டக்ளஸ், சொஜர்னர் ட்ரூத் அம்மையார் முதலியோர் போராடி விடுதலையை நெருங்குகின்றனர். இழிவை அவர் மறைக்கவில்லை. ஆனால் அதனைத் தொடக்கமாகவும் வைக்கவில்லை, முடிவாகவும் வைக்கவில்லை. விலங்கு பூண்டு நடித்தவர் அடுத்து வரும் காட்சியில் அவ்விலங்கு அறுபடுவதையும் கண்டார்.

அதே 1915இல்தான் கறுப்பினத்தவரைக் கொடியோராகச் சித்திரித்து, வெள்ளை வெறிக் கூட்டத்தைப் போற்றிய 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்னும் திரைப்படம் நாடெங்கும் ஓடியது. நம் வரலாற்றை நாம் கூறாவிடில் நம் பகைவர் கூறுவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? திரைப்படத்தின் செல்வ வலிமை டுபாய்ஸுக்கு இல்லை. பொருள் முடை அவரை வருத்தியது. நாடெங்கும் நிலைத்த இயக்கமாக அது வளரவில்லை. ஆயினும் அவர் ஓய்ந்தாரில்லை. 1920இல் கறுப்பினக் குழந்தைகளுக்கெனத் தனி இதழ் தொடங்கினார். 1935இல், உள்நாட்டுப் போருக்குப் பின் அம்மக்கள் ஆற்றிய அரும்பணியை நிலைநாட்டும் பெருநூலை வெளியிட்டார்.

1946இல் நம் அண்ணல் அம்பேத்கர் டுபாய்ஸுக்கு மடல் எழுதினார். ஐக்கிய நாடுகள் அவைக்கு அமெரிக்கக் கறுப்பின மக்கள் அளிக்கும் விண்ணப்பத்தைப் பற்றி வினவினார். டுபாய்ஸும் பரிவுடன் மறுமொழி விடுத்தார். இரு பேரறிஞரும் இரு மக்களின் துயரையும் ஒன்றாகக் கண்டனர்.

முதுமையிலும் அவருக்குத் துன்பம் நீங்கவில்லை. 1951இல் அரசு வழக்குத் தொடுத்தது; நீதிமன்றம் அவரை விடுவித்தது. பின்னரும் பல்லாண்டுகள் வெளிநாடு செல்லும் உரிமை மறுக்கப்பட்டது. 1961இல் கானா நாட்டிற்குச் சென்று ஆப்பிரிக்கக் கலைக்களஞ்சியப் பணியில் ஈடுபட்டார். 1963 ஆகஸ்டு 27 அன்று, தம் 95ஆம் வயதில், அக்ரா நகரில் காலமானார். மறுநாள் வாஷிங்டனில் உரிமைப் பேரணிக்குத் திரண்டிருந்த பெருங்கூட்டத்திற்கு அவர் மறைவு அறிவிக்கப்பட்டது.

இளைஞர்களே! ஏப்ரல் 14 அன்று நம் குழந்தைகளுக்கு நீலச் சட்டையும் கண்ணாடியும் அணிவித்து மகிழ்கிறோம். அது நன்றே. ஆனால் அவ்வுடை அணிந்த குழந்தைக்கு, 1927இல் மகாத் குளத்து நீரை அண்ணல் ஏன் அருந்தினார் என்று கூறத் தெரிதல் வேண்டும். ஆகவே வேடம் புனையுமுன் வரலாற்றைப் பயில்வோம். பயின்றதை நம் தெருவில், நம் முற்றத்தில், நம் மக்கள் முன் காட்டுவோம். இவ்வெள்ளி விழா ஆண்டில் நம் கழக இளைஞர் இப்பணியைத் தொடங்குதல் வேண்டும் என்பதே நம் விருப்பம்.