ஜோசபின் பட்லர்: ஆணுக்கொரு நீதி, பெண்ணுக்கொரு நீதி

விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசுவிடம் இழுத்து வந்த நிகழ்ச்சியை யோவான் நற்செய்தியில் வாசிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழும். அந்த ஆண் எங்கே? மோசேயின் சட்டம் இருவருக்கும்தான் தண்டனை சொன்னது. கூட்டமோ ஒருத்தியை மட்டுமே கொண்டுவந்து நிறுத்தியது. அதே கேள்வியை 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் முகத்துக்கு நேரே கேட்டவர் ஜோசபின் பட்லர் அம்மையார். அவர் கத்தோலிக்கர் அல்லர், ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தவர். ஆனாலும் நம் சியன்னா நகர் புனித கத்தரினின் வரலாற்றை 1878இல் ஒரு நூலாகவே எழுதியவர்.

1828 ஏப்ரல் 13 அன்று வட இங்கிலாந்தில், நார்த்தம்பர்லாந்து பகுதியின் மில்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஜான் கிரே அடிமை வணிகத்தைக் கடுமையாக எதிர்த்தவர். அந்தப் பேச்சைக் கேட்டே மகள் வளர்ந்தார். 1852இல் கல்வியாளர் ஜார்ஜ் பட்லரை மணந்தார். 1864இல் செல்ட்டன்ஹாம் நகரில் குடியிருந்தபோது, வெளியே சென்றிருந்த பெற்றோர் வீடு திரும்பிய வேளையில், அவர்களை வரவேற்க ஓடிவந்த ஒரே மகள் ஈவா மாடிக் கைப்பிடியைத் தாண்டிக் கீழே விழுந்து இறந்தாள். ஐந்து வயதுதான் இருக்கும். அந்தத் தாயின் வாழ்வு அத்துடன் இரண்டாகப் பிளந்தது.

1866இல் கணவர் லிவர்பூல் கல்லூரிப் பள்ளியின் தலைமை ஆசிரியரானார். தன்னைவிட அதிகம் துயருற்றவர்களைத் தேடி ஜோசபின் போன இடம் பிரவுன்லோ ஹில் ஏழையர் விடுதி. அதன் நிலவறைகளில் பெண்கள் தார் படிந்த பழைய கப்பல் கயிறுகளை நார் நாராகப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு வேளை உணவுக்கும் ஓர் இரவுத் தங்கலுக்கும் அதுதான் விலை. அம்மையார் தரையில் அமர்ந்து தாமும் கயிறு பிரித்தார். பழக்கமில்லாத அவருடைய விரல்களைப் பார்த்து அந்தப் பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் நட்பு தொடங்கியது. பாலியல் தொழிலில் சிக்கி, காசநோய் முற்றி, சாகக் கிடந்த பெண்களை அவர் தம் வீட்டுக்கே அழைத்துவந்து பராமரித்தார். ஒரு தலைமை ஆசிரியரின் வீட்டில் இப்படி நடந்தால் நம் ஊர்ப் பெற்றோர் என்னென்ன பேசுவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அங்கும் பேசினார்கள்.

அப்போது நடைமுறையில் இருந்தவை தொற்றுநோய்ச் சட்டங்கள். 1864, 1866, 1869 என மூன்று முறை இயற்றப்பட்டு விரிவாக்கப்பட்டவை. படைவீரர்களிடையே பால்வினை நோய் பெருகிவிட்டது; அதைத் தடுக்க வேண்டும் என்பது அரசின் கவலை. கவலையில் தவறில்லை. செய்த வேலைதான் கொடுமை. படைத்தளங்களும் துறைமுகங்களும் உள்ள ஊர்களில், சாதாரண உடையணிந்த காவலர்கள் எந்தப் பெண்ணையும் விலைமகள் எனச் சந்தேகித்துப் பதிவுசெய்யலாம். அவள் குறிப்பிட்ட நாள்களில் உடற்பரிசோதனைக்கு வர வேண்டும். மறுத்தால் சிறை. நோய் இருந்தால் மாதக்கணக்கில் அடைத்துவைக்கும் மருத்துவமனை. அவளிடம் வந்த ஆணுக்கோ பரிசோதனையும் இல்லை, பதிவும் இல்லை. நோயைப் பரப்பும் இருவரில் ஒருவரை மட்டும் பூட்டிவைத்தால் நோய் எப்படி நிற்கும்? அறத்தை விடுங்கள், மருத்துவக் கணக்கிலேயே இது நிற்காது.

1869இன் இறுதியில் இந்தச் சட்டங்களை எதிர்க்கும் பெண்கள் சங்கம் உருவானது. தலைமை தாங்கும்படி ஜோசபினுக்கு அழைப்பு வந்தது. கணவரின் பதவிக்கு ஆபத்து என்று தெரிந்து பல நாள் தயங்கினார்; ஜார்ஜோ அவருக்கு முழு ஒப்புதல் கொடுத்து அனுப்பினார். சங்கத்தின் அறிக்கையில் கையெழுத்திட்டவர்களில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் ஒருவர். இச்சட்டங்களைப் பற்றி 1871இல் நாட்டிங்காமில் நடந்த திருச்சபை மாநாட்டில் ஜார்ஜ் பேச முயன்றபோது, கூடியிருந்த குருக்களே கூச்சலிட்டு அவரை அமர வைத்தார்கள். 1872இல் பான்டிஃப்ராக்ட் இடைத்தேர்தலின்போது, ஒரு வைக்கோல் பரணில் ஜோசபின் பெண்களோடு கூட்டம் நடத்திக்கொண்டிருக்க, கீழே வைக்கோலுக்குத் தீ வைத்தார்கள். புகைக்கிடையே தப்பி வெளியேறினார். 1875இல் ஆல்டர்ஷாட் படைத்தளத்தில் காவலர்களால் விரட்டப்பட்ட நாடக நடிகை ஒருவர் கால்வாயில் மூழ்கி இறந்தார். அந்த மரணம் பலருடைய மனத்தை மாற்றியது. கட்டாயப் பரிசோதனை 1883இல் நிறுத்தப்பட்டது. 1886இல் சட்டங்களே நீக்கப்பட்டன.

இதே ஏற்பாடு நம் நாட்டிலும் இருந்தது. 1868இல் இந்தியாவுக்கென்று தனிச் சட்டம் வந்தது. லாக் ஆஸ்பத்திரிகள் சென்னை மாகாணத்திலும் இயங்கின. 1888இல் இந்தியச் சட்டம் நீக்கப்பட்ட பிறகும் வெள்ளையர் படை முகாம்களில் பழைய வழக்கம் தொடர்ந்ததை ஜோசபினின் இயக்கத்தினர் 1890களில் அம்பலப்படுத்தினார்கள்.

இனி 1885க்கு வருவோம். அந்நாளில் இங்கிலாந்தில் பாலுறவுக்கு இசைவளிக்கும் வயது 13. சிறுமிகள் எவ்வளவு எளிதாக விற்கப்படுகிறார்கள் என்று காட்ட விரும்பினார் பத்திரிகையாளர் வில்லியம் ஸ்டெட். முன்பு விபசார விடுதி நடத்தி, மனம் மாறி, ஜோசபினின் அரவணைப்பில் வாழ்ந்த ரெபெக்கா ஜாரட் என்ற பெண்ணின் உதவியோடு 13 வயதுச் சிறுமி ஒருத்தியை வாங்கி, அதைத் தம் இதழில் எழுதினார். நாடே கொதித்தது. அவர் எழுதியதைச் சரிபார்த்த குழுவில் நம் கர்தினால் மானிங்கும் இருந்தார். சில வாரங்களில் புதிய குற்றவியல் திருத்தச் சட்டம் நிறைவேறியது. இசைவு வயது 16 ஆனது. ஆனால், சிறுமியின் தந்தையிடம் அனுமதி பெறவில்லை என்று ஸ்டெட்டுக்கு மூன்று மாதச் சிறை கிடைத்தது. ஏழை ரெபெக்காவுக்கோ ஆறு மாதம்! திட்டம் தீட்டியவருக்குக் குறைவு, துணைபோனவளுக்கு இருமடங்கு. ஜோசபின் அவளைக் கைவிடவில்லை. அவளுக்காக ஒரு சிறு நூலே எழுதினார்.

அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் நுழைந்தது. பின்னிரவு அமர்வில், பெரிதாக விவாதமே இல்லாமல், ஹென்றி லபூஷேர் என்ற உறுப்பினர் சேர்த்த 11ஆம் பிரிவு அது. ஆணும் ஆணும் கொள்ளும் பாலுறவுச் செயல், மறைவில், இருவரும் விரும்பி நடந்தாலும்கூட, ஈராண்டுச் சிறைக்குரிய குற்றமானது. சிறுமிகளைக் காக்க எழுந்த சட்டத்தில் இதற்கு என்ன வேலை? எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு 1895இலும், கணித மேதை ஆலன் டூரிங் 1952இலும் இப்பிரிவின்கீழ் தண்டனை பெற்றார்கள். மிரட்டிப் பணம் பறிப்பவர்களுக்கு அது கையில் கிடைத்த ஆயுதம். எல்லாத் தீச்செயலையும் மனிதச் சட்டம் தடுக்க முற்படாது, பிறருக்குத் தீங்கிழைப்பவற்றையே முதன்மையாகத் தடுக்கும் என்று புனித தோமா அக்குயினாஸ் கற்பித்ததை இறையியல் படித்தவர்கள் அறிவார்கள். கர்தினால் கிரிஃபின் அமைத்த ஆங்கிலேயக் கத்தோலிக்கக் குழு 1956இல் இந்த வழியில்தான், பாவம் என்று திருச்சபை சொல்வதை எல்லாம் அரசு குற்றமாக்க வேண்டியதில்லை என்று கூறி, வயது வந்தவர்களின் தனிமைச் செயல்களுக்குத் தண்டனை வேண்டாம் எனப் பரிந்துரைத்தது. இங்கிலாந்தில் 1967இல் சட்டம் மாறியது. வயது வந்தோர் இசைந்து கொள்ளும் உறவுக்கு நம் நாட்டின் 377ஆம் பிரிவு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. ஒருபாலீர்ப்பைக் குற்றமாக்கும் சட்டங்கள் அநீதியானவை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2023 சனவரியில் வெளிப்படையாகவே சொன்னார்.

1885ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மூன்றாவது முகம் ஒன்றும் உண்டு. விபசார விடுதிகளை மூட அது காவல்துறைக்குப் புதிய அதிகாரம் தந்தது. ஒழுக்கக் காவல் சங்கங்கள் உற்சாகமாகக் கிளம்பின. விடுதி மூடப்பட்டது, உள்ளே இருந்த பெண்கள் தெருவில் நின்றார்கள். அவர்களுக்குக் கூலியோ கூரையோ தர யாரும் முன்வரவில்லை. சட்டம் வேண்டும் என்று போராடியவர்களுள் ஒருவரான ஜோசபினே இதைக் கண்டு கொதித்தார். ஒழுக்கத்தைக் காவலரின் தடியால் நிலைநாட்ட முடியாது, அந்தத் தடி கடைசியில் ஏழைப் பெண்ணின் முதுகில்தான் விழும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். தம் பழைய தோழர்களையே எச்சரித்து 1897இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பலருக்கு அது பிடிக்கவில்லை.

கணவர் 1890இல் இறந்திருந்தார். தாம் பிறந்த நார்த்தம்பர்லாந்துக்கே திரும்பிய அம்மையார் 1906 டிசம்பர் 30 அன்று வூலர் என்னும் சிற்றூரில் காலமானார். பக்கத்துக் கிராமமான கிர்க்நியூட்டனின் ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.