இராமானுஜன் எழுதிய கடிதம்

கணிதமேதை சீனிவாச இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். கணிதத்தின்மீது கொண்ட பெருவிருப்பால் ஏனைய பாடங்களைப் புறக்கணித்தார். கல்லூரித் தேர்வில் தோல்வியுற்றார். 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார்.

தாம் கண்ட முடிவுகளை அவர் இங்கிலாந்து அறிஞர் சிலருக்கு எழுதியனுப்பினார். அவர்கள் உதவ முன்வரவில்லை என்பர். அவர்களைக் குறைகூறுவது எளிது. ஆயினும் பட்டம் பெறாத ஒருவர் நிரூபணம் இன்றி அனுப்பிய தாள்களில் மணி எது, பதர் எது என்று பார்த்தவுடன் யாரால் கூற இயலும்?

1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்கு இராமானுஜன் கடிதம் எழுதினார். அதில் ஏறத்தாழ 120 முடிவுகள் இருந்தன. ஹார்டி தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து அவற்றை ஆராய்ந்தார். சில முன்பே அறியப்பட்டவை. சிலவற்றை அரும்பாடுபட்டே நிறுவ முடிந்தது. வேறு சிலவோ அவர்கள் கண்டும் கேட்டும் இராதவை. பகா எண்களைப் பற்றிய முடிவில் பிழை இருந்தது. இராமானுஜனின் வாய்பாடு உண்மைக்கு மிக அருகில் வந்தது. ஆனால் அவர் நம்பிய அளவுக்குத் துல்லியமாக இல்லை. பிழை கண்டதால் ஹார்டி கடிதத்தை ஒதுக்கிவிடவில்லை; மேதை என்று வியந்ததால் பிழையை மறைக்கவுமில்லை. நிரூபணங்களை அனுப்புமாறு கேட்டு எழுதினார்.

1914இல் மனைவி ஜானகியை ஊரில் விட்டு இராமானுஜன் கப்பல் ஏறினார். கடல் கடப்பதை அக்குடும்பத்தார் விரும்பாத காலம் அது. கேம்பிரிட்ஜில் இருவரும் எண் பிரிவினையை ஆராய்ந்தனர். 4 என்பதை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். (5ஐ எத்தனை வகையாகப் பிரிக்கலாம்? குறிப்பேட்டில் எழுதிப் பாருங்கள்.) 200ஐ எத்தனை வகையாகப் பிரிக்கலாம்? மக்மகோன் என்பவர் கையாலேயே கணக்கிட்டு 3,972,999,029,388 என்று கண்டார். இருவரின் வாய்பாடும் அதே விடையைத் தந்தது.

1918இல் இராமானுஜன் இலண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார். நோயுற்று 1919இல் தாயகம் திரும்பியவர், 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சென்னையில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 32. அவருடைய குறிப்பேடுகளில் நிரூபணமின்றி எழுதப்பட்டிருந்த முடிவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் பணி அதன்பின் பல்லாண்டுகள் நடைபெற்றது. பெரும்பாலானவை மெய்யென நிறுவப்பட்டன. ஒரு சில பிழையெனத் தெரியவந்தன.