எழுபத்திரண்டு ராகங்களில் கந்தனைப் பாடியவர்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம் நக்கீரரோடு சேர்த்துப் பேசப்படும் ஊர். திருமுருகாற்றுப்படை தந்த அந்தப் புலவரை அந்த வட்டாரத்தில் அறியாதார் இல்லை. ஆனால் அங்கிருந்து தென்மேற்கே உள்ள மறவர் சீமையின் புலமைப் பரம்பரையில் வந்து, அதே முருகனை எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகங்களிலும் பாடி வைத்த ஒருவரை எத்தனை பேர் அறிவார்கள்? கோடீசுவர ஐயர் என்று பெயரைச் சொன்னால் சங்கீத ரசிகர்களிலும் சிலர் சற்று யோசித்த பிறகுதான் தலையசைப்பார்கள்.

பாட்டன் பெயரே பேரனுக்கும்

1870-ஆம் ஆண்டு பிறந்த இவருக்குத் தாய்வழிப் பாட்டனார் கவிகுஞ்சர பாரதியார். அழகர் குறவஞ்சியும் கந்தபுராணக் கீர்த்தனையும் இயற்றி, சிவகங்கை, இராமநாதபுரம் சமஸ்தானங்களில் சீரும் சிறப்பும் பெற்றவர் அவர். அவருடைய இயற்பெயரும் கோடீசுவரன்தான். பேரன் பெயரை மட்டுமா வாங்கிக்கொண்டார்? தம் பாடல்களில் முத்திரையாக வைத்ததும் கவிகுஞ்சர தாசன் என்பதையே. பாட்டுக்குள் தம் பெயரை நுழைக்க ஆசைப்படுவோர் நடுவே, பாட்டனுக்கு அடிமை என்று எழுதிக்கொண்டவர் இவர்!

பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடமும் பூச்சி சீனிவாச ஐயங்காரிடமும் கற்ற சங்கீதம் இவருடையது. இயற்றிய கீர்த்தனங்கள் ஏறக்குறைய இருநூறு. அவற்றின் சிகரம் ‘கந்த கானாமுதம்’. கனகாங்கி தொடங்கி ரசிகப்பிரியா முடிய, மேளத்துக்கு ஒன்றாகத் தமிழில் கீர்த்தனங்கள். ராகத்தின் பெயரும் பொருளோடு பொருந்திப் பாட்டுக்குள்ளேயே வந்துவிடும். முத்துசுவாமி தீட்சிதர் முன்பே எழுபத்திரண்டையும் பாடியிருக்கிறார். ஆனால் அவர் பாடியது வேறு மேள வரிசையில், வடமொழியில். இன்று மாணவர் மனப்பாடம் செய்யும் கனகாங்கி வரிசையில் முழுவதையும் தமிழிலேயே நிறைவேற்றியது கோடீசுவர ஐயரின் சாதனை.

தோஷம் என்ற பயம்

பிறகு ஏன் மறந்தார்கள்? காரணம் அந்த ராகங்களிலேயே இருக்கிறது. எழுபத்திரண்டில் நாற்பது விவாதி மேளங்கள். ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் இரண்டு சுரங்கள் அடுத்தடுத்து வந்து மோதும் ராகங்கள் அவை. அவற்றைப் பாடினால் பாடுகிறவருக்குக் கெடுதல் வரும் என்று வித்துவான்கள் பலர் நம்பினார்கள். வரிசையின் முதல் ராகமும் கடைசி ராகமும் இந்த வகைதான். வாசற்படியிலேயே பயம் நின்றால் வீட்டுக்குள் யார் போவார்கள்? பாபநாசம் சிவன் மயிலாப்பூர் மாடவீதியில் பஜனையாகப் பாடியது சினிமா வரைக்கும் போயிற்று. கோடீசுவர ஐயரின் பாட்டுக்கு அப்படி வீதியும் இல்லை, திரையும் இல்லை. கடினமான ராகம், கற்ற வாய் வேண்டும்.

1930-களில் அவர் காலமானார். சில ஆண்டுகள் கழித்து, 1943-இல், சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. கச்சேரிக்குத் தமிழ் போதுமா என்று நாடெங்கும் வாதம் நடந்த காலம் அது. அதற்கு விடையை எழுதி வைத்தவர் அதைக் கேட்க உயிரோடு இல்லை.

பயப்படாத சீடர் தலைமுறை

அந்தப் பாடல்களைத் தூக்கி நிறுத்தியவர் எஸ். ராஜம். 1934-இல் வெளிவந்த ‘சீதா கல்யாணம்’ படத்தில் இராமனாக நடித்தவர். சங்கீத மும்மூர்த்திகளை ஓவியமாகத் தீட்டியவர். சென்னை வானொலி நிலையத்தில் பணியாற்றியவர். விவாதி ராகம் பாடினால் தீங்கு வரும் என்பதை அவர் ஏற்கவில்லை. எழுபத்திரண்டு கீர்த்தனங்களையும் தாமே பாடிப் பதிவு செய்தார், மாணவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். தோஷத்துக்கு அஞ்சாத அந்த மனிதர் 2010-இல் மறைந்தபோது வயது தொண்ணூறு!

அம்சத்துவனியில் கோடீசுவர ஐயர் பாடிய விநாயகர் கீர்த்தனம் இன்று கச்சேரி மேடைகளில் கேட்கிறது. கடைசி மேளமான ரசிகப்பிரியாவில் அவர் முருகனிடம் அருள் வேண்டிய பாட்டையும் இளம் பாடகர்கள் துணிந்து எடுக்கிறார்கள்.