கணக்கு நேர் செய்த அறிஞர் டைக்ஸ்ட்ரா

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிப்பொறி அறிவியல்)

நாடாண்ட மன்னர்களின் வரலாற்றையும் விடுதலைக்கு உழைத்த தியாகிகளின் வரலாற்றையும் நாம் பள்ளிப் பருவம் முதல் படித்து வருகிறோம். கையில் பேனாவும் மேசையில் வெள்ளைத்தாளும் மட்டும் வைத்துக்கொண்டு, உலகக் கணிப்பொறிகளுக்கெல்லாம் கணக்கு எழுதும் முறையைக் கற்பித்த ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எழுத விரும்பினேன். அவர்தாம் எட்ஸ்கர் வைபே டைக்ஸ்ட்ரா. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் போன்றோருக்கு இவர் வாழ்க்கை சொல்லும் செய்தி மிகப் பெரியது என்பது என் துணிபு.

பிறப்பும் கல்வியும்

டைக்ஸ்ட்ரா 1930ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் நெதர்லாந்து நாட்டின் துறைமுக நகரான ராட்டர்டாமில் பிறந்தார். தந்தையார் வேதியியல் அறிஞர். பள்ளியில் அப்பாடத்தைக் கற்பித்தவர். தாயார் கணிதத்தில் தேர்ந்தவர். சட்டம் படித்து, ஐக்கிய நாடுகள் சபையில் தம் நாட்டின் சார்பில் அமர வேண்டும் என்பதே இளமையில் இவர் கண்ட கனவு. ஆனால் அறிவியல் பாடங்களில் பெற்ற சிறப்பு அவரை லெய்டன் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குக் கொண்டு சேர்த்தது.

1951ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் நடைபெற்ற மூன்று வார நிரலாக்கப் பயிற்சியில் அவர் கலந்துகொண்டார். அம்மூன்று வாரங்களே அவர் வாழ்வின் திசையை மாற்றின. 1952 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் பகுதிநேர நிரலாளராகச் சேர்ந்தார். ஆயினும் ஓர் ஐயம் அவரை வாட்டிற்று. இயற்பியலுக்கு நூல்கள் உண்டு; விதிகள் உண்டு. நிரல் எழுதுவதற்கு என்ன உண்டு? நாளை ஒருவர் உன் தொழிலின் அடிப்படை என்ன என்று கேட்டால் என்ன விடை சொல்வது? அவருடைய தலைவர் வான் வைன்கார்டன், கணிப்பொறிகள் நிலைத்துவிட்டன என்றும், இத்தொழிலுக்கு அடிப்படை வகுப்பவர்களில் ஒருவராக நீங்களே ஏன் இருக்கக்கூடாது என்றும் கேட்டு ஊக்கினார். இயற்பியல் படிப்பை விரைவில் முடித்துவிட்டு நிரலாளராகவே வாழ்வது என்று டைக்ஸ்ட்ரா முடிவு செய்தார்.

1957இல் அவருக்குத் திருமணம். பதிவேட்டில் மணமகன் தொழில் என்ற கட்டத்தில் நிரலாளர் என்று எழுதச் சொன்னார். அப்படி ஒரு தொழிலே இல்லை என்று ஆம்ஸ்டர்டாம் அலுவலர்கள் மறுத்துவிட்டனர். இயற்பியலாளர் என்றே எழுத வேண்டியதாயிற்று! கணிப்பொறி படித்து என்ன வேலைக்குப் போவாய் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கேட்கும்போதெல்லாம் இந்தப் பதிவேடு என் நினைவுக்கு வருகிறது.

பேனாவும் தாளும் இன்றி ஒரு கண்டுபிடிப்பு

1956ஆம் ஆண்டு. ஆர்மாக் என்ற புதிய கணிப்பொறியின் திறமையைப் பொதுமக்களுக்கு விளக்க ஓர் எளிய கணக்கு தேவைப்பட்டது. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்ல மிகக் குறுகிய வழி எது? தம் வருங்கால மனைவியுடன் கடைவீதியில் சுற்றிக் களைத்து, ஒரு காப்பிக் கடையில் அமர்ந்திருந்தபோது இருபதே நிமிடத்தில் அதற்கான வழிமுறை அவர் மனத்தில் உருவாயிற்று. எழுத ஒரு தாள்கூட அப்போது அவரிடம் இல்லை. நெதர்லாந்தின் 64 நகரங்களைக் கொண்டு அது செய்து காட்டப்பட்டது. 1959இல் அச்சில் வந்தது. கையில் தாள் இல்லாததால்தான் தேவையற்ற சிக்கல்கள் அனைத்தையும் தவிர்க்க நேர்ந்தது என்று அவர் பிற்காலத்தில் எண்ணினார்.

1960இல் சோனவெல்ட் என்ற நண்பருடன் சேர்ந்து ஆல்கால் மொழிக்கு மொழிமாற்றி எழுதினார். பணி முடியும்வரை முகம் மழிப்பதில்லை என்று இருவரும் உறுதி பூண்டனர். பணி முடிந்ததும் நண்பர் மழித்துக்கொண்டார். டைக்ஸ்ட்ராவின் தாடியோ இறுதிவரை நிலைத்துவிட்டது!

கெர்னல் என்னும் கணக்குப்பிள்ளை

1962இல் டைக்ஸ்ட்ரா ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார். அங்கு ஒரு சிறு குழுவுடன் அவர் அமைத்த இயங்குதளத்திற்கு அப்பல்கலைக்கழகத்தின் பெயரெழுத்துகளே பெயராயின. அது ஓடிய எக்ஸ்8 என்ற பொறியின் உள்நினைவகம் 32 ஆயிரம் சொற்கள்; சொல் ஒன்றுக்கு 27 பிட்டுகள். இன்றைய அளவில் ஏறத்தாழ 110 கிலோபைட். கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்துக்குக்கூட அது போதாது. அந்தச் சிறிய இடத்தைப் பல நிரல்கள் ஒரே நேரத்தில் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. பங்கீடு என்று வந்துவிட்டால் கணக்கு வேண்டுமல்லவா? அக்கணக்கை எழுதும் உட்பகுதியைத்தான் இன்று கெர்னல் என்கிறோம்.

பெரம்பலூரில் என் சித்தப்பா ஒரு வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். விடுமுறை நாள்களில் அங்கு நோட்டு எழுதுவது என் வேலை. அண்டா, குண்டான், ஜமக்காளம் எதுவாயினும், போகும்போது ஒரு வரி. திரும்பி வரும்போது அந்த வரியை அடிக்க வேண்டும். கெர்னல் செய்வதும் இதுவே. ஒரு நிரல் நினைவகம் கேட்டால் கொடுத்து எழுதிக்கொள்கிறது. திருப்பித் தந்தால் வரியை அடிக்கிறது.

கடையில் 10 அண்டாக்கள் இருப்பதாகக் கொள்வோம். மூன்று திருமண வீடுகள். முதல் வீட்டுக்கு மொத்தம் 8 தேவை. இரண்டாம் வீட்டுக்கு 3. மூன்றாம் வீட்டுக்கு 9. கேட்டது முழுதும் சேர்ந்தால்தான் சமையல் தொடங்கும்; முடிந்தவுடன் அனைத்தையும் திருப்பிவிடுவார்கள். முதல் வீட்டில் 4, இரண்டாம் வீட்டில் 2, மூன்றாம் வீட்டில் 2 ஏற்கெனவே உள்ளன. கடையில் மீதி 2. இப்போது இரண்டாம் வீட்டுக்கு ஒன்று கொடுத்தால் அவர்கள் வேலை முடிந்து 3 திரும்பும்; கையில் 4 ஆகும். அதை முதல் வீட்டுக்குக் கொடுத்தால் பிறகு 8 திரும்பும். மூன்றாம் வீட்டுக்குத் தேவையான 7ஐயும் எளிதில் கொடுக்கலாம். மாறாக, மூன்றாம் வீடு அவசரப்படுத்துகிறது என்று அவர்களுக்கு முதலில் ஒன்று கொடுத்துவிட்டால், இரண்டாம் வீடு முடிந்தபின் கையில் 3தான் இருக்கும். முதல் வீட்டுக்கு 4 வேண்டும். மூன்றாம் வீட்டுக்கு 6 வேண்டும். ஒருவரும் சமைக்க முடியாது! கொடுக்கும் முன்பே இதைக் கணக்கிட்டுப் பார்க்கும் முறையை 1965ஆம் ஆண்டுக் கட்டுரையில் டைக்ஸ்ட்ரா விளக்கினார். வங்கியாளர் முறை என்பது அதன் பெயர்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சரியான வரிசையில்தான் கொடுத்தோம். ஆனால் இரண்டாம் வீட்டார் 3க்குப் பதில் 2தான் திருப்பினார்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் 3தான் இருக்கும். முதல் வீட்டுக்கு 4 வேண்டும். அவ்வளவுதான், எல்லாம் நின்றுபோகும். ஒரே ஓர் அண்டா கணக்கில் தவறியதால் இரண்டு திருமணங்கள் நிற்கின்றன. இந்த ஓர் அண்டாவைத்தான் நினைவகக் கசிவு என்கிறார்கள்.

எடுத்தவர் கொடுத்தாரா?

கெர்னலில் கசிவு எப்படி நேர்கிறது? கெர்னல் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு கணக்குத்தாள் வைத்திருக்கிறது. அவர் பெயரில் எத்தனை வேலைகள் ஓடுகின்றன, எவ்வளவு நினைவகம் பூட்டப்பட்டுள்ளது என்பவை அதில் இருக்கும். அத்தாளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று ஓர் எண்ணும் உண்டு. புதியவர் பிடித்தால் ஒன்று கூட்ட வேண்டும்; விட்டால் ஒன்று கழிக்க வேண்டும்; பூச்சியம் ஆனதும் தாளைக் கிழித்து அவ்விடத்தை மீட்க வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடக்கும் வழியில் தவறு நேர்வது அரிது. தாளைப் பிடித்து ஒன்று கூட்டியாயிற்று. அடுத்த படியில் வேறொரு பொருள் கிடைக்காமல் வேலை பாதியில் திரும்புகிறது. திரும்பும் அந்த அவசரத்தில் கழிக்க மறந்தால், அந்த எண் இனி ஒருநாளும் பூச்சியம் ஆகாது. தாளும் ஒருநாளும் கிழிபடாது. ஒரு பொருளையும் வைத்திராத பயனருக்கு, உன் வரம்பு முடிந்துவிட்டது என்று கெர்னல் கைவிரிக்கவும் கூடும். திருமணம் நின்றுபோய், எடுத்துப் போன அண்டா அப்படியே கடைக்கு வந்துவிட்டது. நோட்டில் வரியை மட்டும் ஒருவரும் அடிக்கவில்லை என்பது போன்ற நிலை இது.

இதைத் திருத்துவது எப்படி? எடுத்த வரிசைக்குத் தலைகீழ் வரிசையில், தோல்வி நேரும் ஒவ்வோர் இடத்திலிருந்தும், எடுத்ததையெல்லாம் திருப்பிவிட்டு வெளியேற வேண்டும். ஒரு சுவையான செய்தி: நிரலில் கண்டபடி தாவிச் செல்லும் கோட்டு ஆணையைக் கண்டித்து 1968இல் டைக்ஸ்ட்ரா எழுதிய கடிதம் புகழ்பெற்றது. ஆனால் லினக்ஸ் கெர்னலை எழுதுவோர், இவ்வாறு திருப்பிக் கொடுத்து வெளியேறும் இடத்தில் மட்டும் அதே கோட்டு ஆணையை விரும்பிப் பயன்படுத்துகின்றனர். தாவல் ஒரே திசையில், ஒரே நோக்கத்துடன் இருப்பதால் கணக்கு குழம்புவதில்லை.

மூன்று நிறங்கள்

பலர் ஒரே ஏட்டில் எழுதினால் வரிகள் குழம்பும். அதைத் தடுக்கவும் டைக்ஸ்ட்ரா வழி கண்டார். ஒரு வண்டி பாதையில் இருக்கும்வரை அடுத்த வண்டியை நிறுத்திவைக்கும் இரயில் கைகாட்டி மரத்தை நம் அரியலூர்ப் பெரியவர்கள் அறிவார்கள். அக்கைகாட்டியின் பெயரையே தம் முறைக்கு அவர் சூட்டினார். இன்றும் இயங்குதளப் பாடத்தில் செமஃபோர் என்று நாம் படிப்பது அதுவே.

1978இல் லாம்போர்ட் முதலிய நால்வருடன் சேர்ந்து மற்றொரு கட்டுரை வெளியிட்டார். நினைவகத்தில் ஒருவருக்கும் பயன்படாமல் கிடக்கும் பகுதிகளை, வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கண்டறிவது எப்படி என்பது அதன் பொருள். எல்லாப் பொருள்களும் முதலில் வெள்ளை. உரியவர் உண்டு என்று தெரிந்ததும் சாம்பல். அப்பொருளிலிருந்து செல்லும் தொடர்புகளையும் பார்த்து முடித்ததும் கறுப்பு. இறுதியில் வெள்ளையாகவே நிற்பவை உரியவர் அற்றவை. 2009இல் லினக்ஸ் கெர்னலில் சேர்க்கப்பட்ட கேமெம்லீக் என்ற கசிவு தேடும் கருவியும் வெள்ளை, சாம்பல், கறுப்பு என்றே பொருள்களைப் பிரிக்கிறது. டைக்ஸ்ட்ரா மறைந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் தீட்டிய நிறங்கள் கசிவைத் தேடப் புறப்பட்டன!

ஆனால் அக்கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. கழிக்க மறந்த கணக்குத்தாள் பதிவேட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தால், கருவியின் பார்வைக்கு அதற்கு உரியவர் உண்டு, அது சாம்பல்தான். அத்தகைய கசிவைப் பிடிக்க, கூட்டிய இடத்தையும் கழித்த இடத்தையும் ஒவ்வொன்றாக இணைத்துப் பார்க்கும் மனித மூளை வேண்டும்.

இங்குதான் டைக்ஸ்ட்ராவின் வாழ்நாள் கொள்கை விளங்குகிறது. சோதித்துப் பார்ப்பதால் பிழை இருப்பதைக் காட்டலாம். பிழையே இல்லை என்று நிறுவ முடியாது என்பது அவர் கருத்து. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் இரயில் பாலம் சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நம் மாவட்டம் மறக்கவில்லை. இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அதற்கு முன் எத்தனையோ வண்டிகளைத் தாங்கிய பாலம்தான் அது. நேற்று தாங்கியது என்பது இன்றிரவுக்கு உறுதியாகுமா? ஐந்தோவன் இயங்குதளத்தை அடுக்கடுக்காக அமைத்து, ஒவ்வோர் அடுக்கும் சரிதான் என்று சிந்தித்துத் தெளிந்த பிறகே டைக்ஸ்ட்ரா குழுவினர் அடுத்ததைத் தொட்டனர். சோதனையின்போது வெளிப்பட்டவை 500 கட்டளைக்கு ஒன்று என்ற அளவில் சிறு எழுத்துப் பிழைகளே. அவையும் ஒவ்வொன்றும் பத்து நிமிடத்திற்குள் பிடிபட்டன.

இறுதி நாள்கள்

1972இல் கணிப்பொறித் துறையின் தலையாய டூரிங் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. 1984 முதல் 1999 வரை அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் பேராசிரியராக விளங்கினார். தம் கருத்துகளை மை ஊற்றும் பேனாவால் அழகாக எழுதி, எண்ணிட்டு, படியெடுத்து நண்பர்களுக்கு அனுப்புவது அவர் வழக்கம். அவ்வாறு எழுதியவை 1300க்கும் மேல். நெடுங்காலம் தமக்கெனக் கணிப்பொறி வைத்துக்கொள்ளாமலேயே அவர் பணி செய்தார் என்பது வியப்பன்றோ? 2002ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், தாயகத்தில் நியூனன் என்னும் ஊரில் புற்றுநோயால் காலமானார்.

நம் வகுப்பில் சொந்தக் கணிப்பொறி இல்லாதவர் பலர். ஆய்வகத்தில் கிடைக்கும் நேரமும் அளவானது. அதனால் நாம் பின்தங்கிவிடுவோமோ என்ற அச்சம் எனக்கும் உண்டு. ஆனால் கசிவைத் தடுக்கும் வேலையில் பெரும்பகுதி பொறியில் நடப்பதன்று, தாளில் நடப்பது. ஒரு வரியில் எடுத்தால், அதைக் கொடுக்கும் வரி எது என்று எழுதிவிட்டே அடுத்த வரிக்குச் செல்ல வேண்டும். வேலை பாதியில் நின்றால் எந்த வழியே திரும்புவது என்பதையும் அப்போதே எழுதிவிட வேண்டும். அதற்கு வேண்டியவை ஒரு பேனா, ஒரு குறிப்பேடு, பொறுமை. மூன்றும் நம்மிடம் உண்டு நண்பர்களே!